சொந்த ஊர்ச் சுவர்களைப் படமெடுப்பது: சென்னையிலிருந்து ஒரு நீண்ட பதில்

சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், கையில் போனும் ஒரு பழைய மிரர்லெஸ் கேமராவும் இருக்கிறது, ஊரில் உள்ள சுவரோவியங்களைப் படமெடுக்க ஆசை என்று சொல்லி, எங்கே போவது, எந்த லென்ஸ் சரிவரும், யாராவது தடுப்பார்களா, எடுத்ததை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில் பல வருடமாக இதைத்தான் செய்துவருகிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

வெளியூரிலிருந்து வருகிறவருக்கு ஒரு பகல், மிஞ்சினால் இரண்டு பகல் கிடைக்கும். வந்த நேரத்தில் என்ன வெயிலோ அந்த வெயிலில், முன்னால் எந்த வண்டி நிற்கிறதோ அந்த வண்டியோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். உங்களுக்கு அந்த அவசரம் கிடையாது. அதே சுவருக்கு அடுத்த மாதம் போகலாம், ஐப்பசி மழை முடிந்ததும் போகலாம், தேர்தல் வந்தபோது போகலாம், மேலே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டப்பட்ட பிறகும் போகலாம். தெருவில் இருக்கும் ஓவியம் வரைந்த நாளிலிருந்தே மாறத் தொடங்கிவிடும். அந்த மாற்றம் உள்ளூர்க்காரருக்கு மட்டுமே கிடைக்கிற விஷயம். ஆகவே நான் கீழே சொல்வதையெல்லாம் திரும்பத் திரும்பப் போகப்போகிறவருக்குச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊரையே முடித்துவிட நினைத்தால் இதில் பாதி உங்களுக்கு உதவாது.

எங்கே போவது என்று கேட்டால் எல்லோரும் முதலில் கண்ணகி நகர் என்பார்கள். அங்கே வருகிறேன். அதற்கு முன்னால், பெரிய பெரிய ம்யூரல்கள், அதாவது சுவர் முழுக்க வரையும் ஓவியங்கள், மட்டும்தான் தெரு ஓவியம் என்று நினைத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இந்த ஊரின் சுவர்கள் அதற்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே வண்ணம் பார்த்தவை. தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே கட்சிக்காரர்கள் வந்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருடத்தையும் எழுதிப் பிடித்து வைத்துவிடுவார்கள்; அதற்குப் பிறகு அந்தச் சுவர் அவர்களுடையது, வேறு யாரும் கை வைக்க மாட்டார்கள். சினிமா பேனர்களும் அப்படித்தான், சின்னப் புகைப்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைப் பெரிதாக்கித் துணியில் வரைந்து, இருபது முப்பது அடி உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்த கலைஞர்கள் அண்ணா சாலையை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்து அவர்கள் பிழைப்பை அடியோடு சாய்த்தது. பிறகு 2009, 2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலையில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று சுவர்களில் தமிழ்ப் பண்பாட்டுக் காட்சிகளை வரைய வைத்தபோது, அந்த வேலைக்கு இறங்கியவர்களில் பழைய பேனர் கலைஞர்களும் உண்டு. ஜல்லிக்கட்டு, கோயில் கோபுரம், கரகாட்டம் என்று நாம் பேருந்தில் போகும்போது பார்த்த அந்த ஓவியங்களில் பெரும்பகுதி இன்று கிடையாது. நல்ல தரத்தில் அவற்றை எடுத்து வைத்தவர்கள் மிகக் குறைவு. அப்போது யாருக்கும் அது படமெடுக்க வேண்டிய பொருளாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

எனவே கையால் எழுதிய சுவர்கள் எங்கே கண்ணில் பட்டாலும் எடுத்துவிடுங்கள். நகருக்குள் சுவரெழுத்து ரொம்பவே குறைந்துவிட்டது. சுவர்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே மாநிலத்தில் சட்டம் இருக்கிறது, தேர்தல் சமயத்தில் அதை இன்னும் கறாராகப் பார்ப்பார்கள். ஆனால் செங்கல்பட்டு, திருவள்ளூர், பொன்னேரிப் பக்கம் போனால் இன்றும் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் ஏணி மேல் நின்று எழுதிக்கொண்டிருப்பதைப் பார்க்க முடியும். பார்த்தால் வண்டியை நிறுத்திவிடுங்கள். நீலப்பொடி தோய்த்த நூலை இந்த முனையில் இவரும் அந்த முனையில் பையன் ஒருவனும் இழுத்துப் பிடிப்பார்கள், நடுவில் ஒரு சுண்டு, சுவரில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நேர்கோடு விழும். அப்படி மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு கோட்டுக்கும் நடுவில் சாக்பீஸால் எழுத்தின் கூட்டை மட்டும் வரைந்துகொண்டு, தட்டை பிரஷால் உள்ளே நிரப்பிக்கொண்டே போவார். ‘ழ’வின் கீழ்ச் சுழிக்கு வரும்போது மட்டும் மணிக்கட்டைத் திருப்பாமல் முழங்கையிலிருந்து கையைச் சுழற்றுவார், அதனால்தான் அந்த வளைவு எங்கேயும் உடையாமல் வருகிறது. எல்லாம் முடிந்த பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே பக்கம் நிழல் கொடுப்பார். ஈரம் காயாத அந்த நிழலில் பிரஷ் முடிகளின் தடம் தனித்தனியாகத் தெரியும், கிட்டே போய் எடுங்கள். எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு வராமல் கையையும், பெயிண்ட் டப்பாவையும், நூலையும் சேர்த்து எடுங்கள். இந்த வேலைமுறை எங்கேயும் முழுசாகப் பதிவாகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, கண்ணகி நகர். ஓ.எம்.ஆர். எனும் பழைய மகாபலிபுரம் சாலையில் துரைப்பாக்கம் பக்கம் உள்ளே திரும்பினால் வரும் குடியிருப்பு. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் அகற்றப்பட்ட குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். அன்றைய குடிசை மாற்று வாரியம் கட்டிய பதினைந்தாயிரத்துக்கும் அதிகமான சின்னச் சின்ன வீடுகள். வேலைக்குப் போகும் இடத்தில் கண்ணகி நகர் என்று விலாசம் சொன்னாலே முகம் மாறும் என்று அங்கே இருப்பவர்கள் வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். 2020இல் தெருக்கலைக்கான ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, மாநகராட்சி, ஏஷியன் பெயின்ட்ஸ் எல்லாம் சேர்ந்து இங்கே கட்டடங்களின் பக்கவாட்டுச் சுவர்களை உள்நாட்டு, வெளிநாட்டு ஓவியர்களிடம் கொடுத்தார்கள். சென்னையைச் சேர்ந்த ஏ-கில் அங்கே வரைந்த குழந்தைகளின் முகங்களைத்தான் நீங்கள் படத்தில் அதிகம் பார்த்திருப்பீர்கள். கோவையில் உக்கடம் வீட்டுவசதிக் குடியிருப்பிலும் பிறகு இதே மாதிரி செய்தார்கள்.

கண்ணகி நகரில் என்ன செய்கிறீர்கள் என்பதைவிட எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பது முக்கியம். அது ஆள் குடியிருக்கும் இடம். ஓவியத்துக்கு எதிரே நீங்கள் நிற்கும் மூன்றடி இடம் யாரோ ஒருவருடைய வாசல். அங்கேதான் அவர்கள் பாத்திரம் கழுவுவார்கள், மீன் ஆய்வார்கள், சாயங்காலம் உட்கார்ந்து பேசுவார்கள். போனதும் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். ஒரு டீ குடியுங்கள். யாராவது பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தால், “ஐயா, இந்தச் சுவத்துப் படத்தை எடுத்துக்கலாமா” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த அனுமதியைச் சட்டம் கேட்கவில்லை, தெரு பொது இடம்தான். ஆனால் கேட்டுவிட்டு எடுப்பவரையும் கேட்காமல் எடுப்பவரையும் அந்தத் தெரு இரண்டு விதமாகப் பார்க்கும், அடுத்த முறை போகும்போது உங்களுக்கே தெரியும். தண்ணீர் லாரி வரும் நேரத்தில், குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கும்போது, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். வண்ணச் சுவர், வண்ணக் குடங்கள், படம் அழகாகத்தான் வரும். அந்த அழகு அவர்கள் படும் சிரமத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிள்ளைகள் ஓடிவந்து “அண்ணா ஒரு போட்டோ” என்று நிற்பார்கள். எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள், ஆனால் வீட்டில் பெரியவர்கள் சரி என்று சொல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். முடிந்தால் அடுத்த முறை போகும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு தெருவில் நாலு வீட்டில் உங்கள் பிரிண்ட் இருந்தால், அந்தத் தெருவில் மொட்டை மாடிக் கதவு உங்களுக்குத் திறக்கும், மாடியிலிருந்து எதிர்ச் சுவரை நேராக எடுக்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைக்கும். பிரிண்டை அதற்காகக் கொடுக்க வேண்டாம், அவர்கள் படம் அவர்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுங்கள். இன்னொன்று, “வறுமையிலும் வண்ணம்” என்கிற மாதிரித் தலைப்பெல்லாம் போடாதீர்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்த கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். தங்களைப் பற்றிப் பேச அவர்களுக்கு நிறைய இருக்கிறது, நம் தலைப்பு தேவையில்லை.

அங்கே நான் எப்போதும் தேடுவது ஒரு விஷயம். இவை கண்காட்சிக்காகக் கட்டிய வெற்றுச் சுவர்கள் அல்ல. ஜன்னல் இருக்கும், கழிவுநீர்க் குழாய் மேலிருந்து கீழே இறங்கும், கேபிள் ஒயர் குறுக்கே தொங்கும். ஓவியர் அந்தக் குழாய் மேலேயே வண்ணத்தை ஏற்றியிருப்பார், நேர் எதிரே நின்றால் முகம் ஒழுங்காகத் தெரியும், இரண்டடி நகர்ந்தால் கன்னத்திலிருந்து குழாய் பிரிந்து தனியாக நிற்கும். திடீரென்று அந்தக் கன்னத்தில் இருக்கும் ஜன்னல் திறந்து ஒரு கை வெளியே வந்து ஈரத் துண்டைக் கம்பியில் போட்டுவிட்டு உள்ளே போகும். ஓவியரும் அந்த வீட்டுக்காரரும் சேர்ந்து பண்ணிய படம் அது. குழாயையும் ஒயரையும் செயலியில் அழித்துச் சுத்தமான ஓவியமாக ஆக்கி வெளியிடுகிறவர்களைப் பார்க்கிறேன், மனசு கேட்கவில்லை. அந்தச் சுவர் அப்படி இல்லையே.

அடுத்தது இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். 2021 வாக்கில் ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள் நிலையத்தின் வெளிச்சுவர் முழுக்க மனித முகங்களாக வரைந்தார்கள். ஹெச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்கக்கூடாது என்பதற்காகச் செய்தது. அந்த முகங்களில் தொற்றுள்ளவரும் உண்டு, இல்லாதவரும் உண்டு, யார் யார் என்று உங்களால் சொல்ல முடியாது, அதுதான் விஷயமே. இது தெரியாமல் எடுத்தால் கலர் கலரான முகங்களாக முடிந்துவிடும். தெரிந்து எடுத்தால், அந்த முகங்களுக்குக் கீழே பேருந்துக்குக் காத்திருக்கும் முகங்களையும் சேர்த்து ஒரே சட்டத்தில் வைக்கத் தோன்றும். சாலைப் பக்கச் சுவர் மேற்குப் பார்த்தது, எனவே காலையில் நிழல், மதியத்துக்கு மேல் நேர் வெயில். எதிர்ப்பக்க நடைபாதையிலிருந்து எடுப்பதுதான் வசதி, ஆனால் மெட்ரோ வேலைத் தடுப்புகள் அந்தப் பகுதியில் நிறைய இருப்பதால் பார்வை எங்கே திறக்கிறது என்று நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நிலையத்துக்குள்ளும் நடைமேடையிலும் கேமராவைத் தூக்கினால் ரயில்வே போலீஸ் வந்து கேட்பார்கள், டிரைபாட் வைத்தால் நிச்சயம் கேட்பார்கள். வெளியிலிருந்தே எடுத்துவிடுங்கள். ட்ரோன் யோசனையே வேண்டாம், நகரில் விமான நிலையமும் ராணுவ இடங்களும் இருக்கிற இருப்பில் அது வீண் வம்பு.

இதையெல்லாம் விட்டால், மேம்பாலத் தூண்கள், பள்ளிச் சுற்றுச்சுவர்கள், மாநகராட்சி அவ்வப்போது வரைய வைக்கும் திருக்குறள், பறவைகள், விழிப்புணர்வுப் படங்கள். இவற்றில் பலது சுமார்தான், ஆனாலும் எடுங்கள். சில விஷயம் திருவிழா மாதிரி வந்துபோகும்: 2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள், ஊரே அங்கே நின்று படமெடுத்தது. ஜார்ஜ் டவுன் சந்துகளில் யாரும் சிறுநீர் கழிக்கக்கூடாது என்பதற்காகச் சுவரின் அடியில் பதித்திருக்கும் சாமி டைல்கள், பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மெக்கா மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அதுவும் இந்த ஊரின் தெருக்கலைதான் என்பது என் கட்சி.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படமெடுப்பது குறித்து நாம் படிக்கும் பெரும்பாலான அறிவுரை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. நாம் 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நட்ட நடு உச்சியில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வருடத்தில் பாதிக்கு மேல் நிழலிலேயே கிடக்கும் வடக்குப் பார்த்த சுவர்களுக்கு வெயில் கிடைக்கும் காலம் அதுதான். தெற்குப் பார்த்த சுவர்களுக்கு மார்கழி, தை மாதங்கள். சூரியன் தெற்கே சாய்ந்து நிற்பதால் பகல் முழுக்க வெளிச்சம் கிடைக்கும். ஆகவே ஒரு சுவரைப் பார்த்ததும் முதலில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள், போனில் திசைகாட்டி இருக்கிறது. எப்போது திரும்பி வர வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அதற்காக வெயில் விழும்போதுதான் எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. ஓவியத்தை அதன் நிறத்தோடு பதிவு செய்ய வேண்டுமென்றால் நிழலோ மேகமூட்டமோதான் நல்லது. வெயில் பாதி நிழல் பாதி விழுந்த சுவரை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைவிட்ட ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதைவிட நல்ல வெளிச்சம் இந்த ஊரில் கிடையாது. வானம் முழுக்க ஒரே வெள்ளை, ஈரத்தில் நிறங்கள் ஆழமாகத் தெரியும், புழுதி கழுவப்பட்டிருக்கும். அதுவே உச்சி வெயில் சுவரை உரசிக்கொண்டு கீழே இறங்கும்போது பூச்சின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எழுந்து நிற்கும், வண்ணம் உரிந்த ஓரங்கள் கறுப்பு நிழலோடு தெரியும். சுவர் வயதாவதைக் காட்ட அந்த வெயில்தான் வேண்டும். இரண்டையும் எடுங்கள்.

லென்ஸ் கேட்டிருந்தீர்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கேமராவோடு வந்த கிட் லென்ஸே போதும், ஆனால் அதன் அகலக் கோடியில் எடுக்காதீர்கள், ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 35லிருந்து 50 மி.மீ.க்குள் நிற்கப் பாருங்கள். போனில் அல்ட்ரா வைடைத் தொடவே வேண்டாம், முகத்தின் ஓரங்கள் இழுபட்டுப்போகும். சுவருக்கு நேர் எதிரே, சுவரின் நடுவில், கேமராவை மேலும் கீழும் சாய்க்காமல் பிடியுங்கள். உயரமான கட்டடத்தில் சாய்க்காமல் முடியாது. அப்போது நாலு பக்கமும் இடம் விட்டு எடுங்கள், பிறகு மென்பொருளில் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்தும்போது ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். கண்ணகி நகர் மாதிரி குறுகலான சந்துகளில் பின்னால் போக இடமே இருக்காது. சுவருக்கு இணையாக நடந்துகொண்டே, ஒவ்வொரு படத்திலும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு வருகிற மாதிரி வரிசையாக எடுத்து ஒட்டிவிடலாம். சுவர் தட்டையாக இருப்பதால் நன்றாகவே ஒட்டும், முன்னால் நிற்கும் பைக்கும் மரமும்தான் இரண்டாக உடையும், அவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. அந்தப் பளீர் பிங்க், மெஜந்தா, ஆரஞ்சு எல்லாம் கேமராவுக்குத் தாங்காது, சிவப்புச் சேனல் முதலில் தீய்ந்து அந்த இடம் தட்டையாகிவிடும். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் மூன்று நிறமும் தனித்தனியாகப் பார்த்து, தேவைப்பட்டால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்து, கேமரா மெருகேற்றாத ரா ஃபைலாக எடுங்கள். வெள்ளையடித்த சுவரில் இதற்கு நேர் எதிர், கேமரா அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், கொஞ்சம் ஏற்ற வேண்டும். எனாமல் அடித்த சுவர் பளபளத்தால், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் உதவும். போனின் தானியங்கி மெருகேற்றலை முடிந்தவரை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கும் நிறத்தை அது இன்னும் கத்த வைக்கும், பத்து வருடம் கழித்து அந்தச் சுவர் உண்மையில் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

ஒவ்வொரு சுவருக்கும் நான் எடுப்பது இவ்வளவுதான்: நேராக, முழுசாக ஒன்று. தெருவோடு, ஆளோடு, வண்டியோடு தள்ளி நின்று ஒன்று. ஓவியரின் கையெழுத்து இருக்கும் மூலை. பிறகு கிட்டே போய் மேற்பரப்பு. கையெழுத்து பெரும்பாலும் வலது கீழ்மூலையில் இருக்கும், அந்த இடத்தில்தான் குப்பை குவியும், பைக் சாயும், மழைநீர் ஏறும், எனவே ஓவியத்தில் முதலில் அழிவது அதுதான். அதை எடுக்காமல் விட்டால் வரைந்தவர் பெயரே காணாமல் போய்விடும். நிற்கும் இடத்துக்கும் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், மின்கம்பம், மேன்ஹோல் மூடி, கடைப்படி என்று ஏதாவது நகராத ஒன்று. அடுத்த முறை அதே இடத்தில் நின்று அதே குவியத்தூரத்தில் எடுத்தால்தான் இரண்டு படமும் ஒன்றோடொன்று பேசும்.

போய்க்கொண்டே இருந்தால் என்னவெல்லாம் கிடைக்கும் என்கிறீர்களா? மேற்குப் பார்த்த சுவரில் சிவப்பும் மஞ்சளும் சீக்கிரம் வெளிறி நீலம் மட்டும் மிஞ்சும். அடியிலிருந்து ஈரம் ஏறி முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து உரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் நின்ற தெருக்களில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று ஓவியத்தின் குறுக்கே ஒரு பழுப்புக் கோடு விழுந்ததைப் பார்த்தேன்; வெள்ளத்தைப் பற்றி நான் எடுத்ததிலேயே நல்ல படம் அந்தக் கோடுதான். அப்புறம் போஸ்டர்கள். பிறந்தநாள் வாழ்த்து, கோச்சிங் சென்டர், கண்ணீர் அஞ்சலி, மஞ்சள் நீராட்டு, ஒன்றின் மேல் ஒன்று. மைதா பசைக்காக மாடு வந்து அதைக் கிழித்துத் தின்னும்போது அடியிலிருந்து ஓவியத்தின் ஒரு கண் மட்டும் மறுபடி எட்டிப் பார்க்கும். ஓவியம் கெட்டுவிட்டது என்று அந்த நிலையில் எடுக்காமல் வந்துவிடாதீர்கள், அப்போதுதான் அந்தச் சுவர் தெருவுக்கு முழுசாகச் சொந்தமாகியிருக்கிறது.

கடைசியாக விற்பது. இங்கே நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், “பொது இடத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்” என்று. அப்படி இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விதிவிலக்குகள் இருக்கின்றன. கட்டடக் கலையைப் படமெடுத்து வெளியிடலாம். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையும் கைவினைக் கலைப் படைப்பையும் படமெடுத்து வெளியிடலாம். ஓவியம் அந்தப் பட்டியலில் வரவில்லை. சினிமாவில் காட்டுவதற்குத் தனியாகச் சலுகை இருக்கிறது, அதிலே ஓவியமும் அடங்கும், ஆனால் புகைப்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓவியரின் உரிமை அவர் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 வருடத்துக்கும் உண்டு. போதாததற்கு 57ஆவது பிரிவின்படி தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்கவும், தன் படைப்பைச் சிதைப்பதைத் தடுக்கவும் அவருக்குத் தனி உரிமை இருக்கிறது, சுவரையும் உரிமையையும் அவர் வேறொருவருக்குக் கொடுத்துவிட்ட பிறகும்கூட. 2023இல் மும்பையில் இருக்கும் ஒரு ம்யூரலைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்திய காப்பீட்டு நிறுவனத்தின் மேல் ஸ்டார்ட் இந்தியாவும் அந்த ஓவியரும் டெல்லி உயர் நீதிமன்றம் போனார்கள்; சமூக ஊடகத்தில் போட்டிருந்ததை நீக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு வந்தது.

நடைமுறையில் பார்த்தால், உங்களுக்காக எடுத்து வைப்பதிலும், ஓவியத்தைப் பற்றி எழுதும்போது படத்தைச் சேர்ப்பதிலும் சிக்கல் வராது. யார் வரைந்தது என்று மட்டும் எப்போதும் போடுங்கள், சுவரெழுத்து ஆர்ட்டிஸ்டாக இருந்தாலும் சரி, சுவரில் இருக்கும் பெயரையாவது போடுங்கள். போஸ்ட்கார்டு, டி-ஷர்ட், காலண்டர், நிறுவன விளம்பரம் என்று இறங்குவதானால் ஓவியரைக் கேட்காமல் செய்யாதீர்கள். இவர்களில் பலரும் இன்ஸ்டாகிராமில் இருக்கிறார்கள், கேட்டால் பதில் சொல்வார்கள், பங்கு பேசிக்கொள்ளலாம். நான் கேட்ட வரையில் பெரும்பாலும் சந்தோஷப்பட்டே ஒப்புக்கொண்டார்கள், ஒரே ஒரு கோரிக்கையோடு: நல்ல தரத்தில் ஒரு காப்பி தங்களுக்கும் வேண்டும் என்று. சுவர் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். சாரத்தில் தொங்கிக்கொண்டு வரைந்தவருக்குத் தன் ஓவியத்தை முழுசாக நேர் எதிரே நின்று எடுக்க நேரமிருந்திருக்காது.

எடுத்ததை இடத்தின் பெயர், தெரு, திசை, தேதி, ஓவியர் என்று எழுதிக் கோப்புறையில் போட்டு, இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். ஆரம்பிக்க எங்கேயும் போக வேண்டாம், உங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் இருக்கிற சுவர்களை இந்த வாரம் எடுங்கள். கண்ணகி நகருக்கு மழைக்காலத்தில் போகலாம், வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.